ஆளுங்கட்சி தோத்துப்போச்சு, சரி... ஏன்?

தேர்தல் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் எங்க குமாரலிங்கபுரத்து டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு வாக்கியம் கட்டாயம் காதில் விழும். "ஜனங்க நல்லாப் பாடம் கத்துக் குடுத்துட்டாங்கப்பா!" இது ஆளுங்கட்சி தோற்றிருந்தால். ஜெயித்திருந்தால், "நல்லது செஞ்சா ஜனங்க கைவிட மாட்டாங்க" என்பார்கள். சொல்கிற ஆள் பெரும்பாலும் ஒரே ஆள்தான் :-) டிவியில் வந்து உட்காருகிற பெரியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். என்ன, அவர்கள் கோட் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ஒரு தொகுதியில் ஒன்றரை லட்சம் பேர், இரண்டு லட்சம் பேர் போய் ஆளுக்கு ஒரு பொத்தானை அமுக்குகிறார்கள். ஒருத்தருக்குக் குடிதண்ணீர்ப் பிரச்சினை. ஒருத்தருக்கு வேட்பாளர் சொந்தக்காரர். ஒருத்தர் தாத்தா காலத்திலிருந்து அந்தச் சின்னம் தவிர வேறு சின்னத்தைத் தொட்டதில்லை. இன்னொருத்தருக்கு முந்தின நாள் ராத்திரி வந்த கவர். பொத்தானுக்குப் பக்கத்தில் காரணம் எழுத இடம் கிடையாது. அப்படி இருக்கும்போது மொத்தத்தையும் கூட்டி, "ஆளுங்கட்சி மீது மக்களுக்குக் கோபம்" என்று ஒரே வரியில் எப்படிச் சொல்கிறோம்?

ரிசல்ட்டில் மக்கள் மனசு தெரியவே தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும். நாம் பார்க்கிற இடத்தில் அது இல்லை என்பதுதான் என் கட்சி. எத்தனை சீட் என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். அதில் இருப்பது முக்கால்வாசி எதிர்க்கட்சிகள் போட்ட கூட்டல் கணக்கு.

இதற்கு உதாரணம் தேடி டெல்லிக்கெல்லாம் போக வேண்டாம். விருதுநகர் போதும். 1967. தன் சொந்த ஊரில் காமராஜர் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் பெ.சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வந்த மாணவர் தலைவர். சீனிவாசனுக்கு 33,421 ஓட்டு, காமராஜருக்கு 32,136. வித்தியாசம் 1,285. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் முகம் மாறிவிடும். "படிக்க வச்ச மனுசனையே தோக்கடிச்ச ஊருடா இது" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். முதலமைச்சராக இருந்த பக்தவத்சலமும் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காங்கிரஸை மக்கள் விரட்டியடித்தார்கள் என்றுதான் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

இப்போது எண்களைப் பாருங்கள். 1962-ல் காங்கிரஸ் வாங்கியது நூற்றுக்கு 46 ஓட்டு. கிடைத்தது 206-ல் 139 சீட். 1967-ல் நூற்றுக்கு 41. கிடைத்தது 234-ல் 51 சீட். அதாவது நூறு பேரில் ஐந்து பேர் நகர்ந்தார்கள், கோட்டை விழுந்துவிட்டது. இன்னும் வேடிக்கை, மாநிலம் முழுக்கக் கூட்டினால் அந்தத் தேர்தலில் தி.மு.க.வை விட காங்கிரஸுக்குத்தான் ஓட்டு ஒரு துளி அதிகம் (தி.மு.க.வுக்கு 40.7 சதவீதம்). காங்கிரஸ் 232 இடங்களில் நின்றது, தி.மு.க. 174-ல் நின்றது, அதனால் இப்படி வருகிறது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். நான் சொல்வதும் அதுதான். மிச்ச இடங்களில் ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றவர்களை அண்ணா ஒரே பந்தியில் உட்கார வைத்தார். 1962-ல் சிதறிப்போன ஓட்டு 1967-ல் ஒரே பெட்டியில் விழுந்தது.

அரிசித் தட்டுப்பாடும் இந்தித் திணிப்பும் ஒன்றுமில்லை என்றா சொல்கிறேன்? இல்லை. அந்த ஐந்து பேரை நகர்த்தியது அவைதான். ஆனால் மற்ற நாற்பத்தியொரு பேர் நகரவில்லையே! அவர்கள் நம் கதையில் எங்கே போனார்கள்?

இந்தக் கணக்கு திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். 2024 நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டில் அப்போது ஆண்ட தி.மு.க.வின் கூட்டணி புதுச்சேரியும் சேர்த்து நாற்பதுக்கு நாற்பது. "ஆட்சிக்கு மக்கள் கொடுத்த சான்றிதழ்" என்று போஸ்டர் ஒட்டினார்கள். விருதுநகர் தொகுதியில் என்ன நடந்தது? அந்தக் கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் மாணிக்கம் தாகூர் 4,379 ஓட்டில் தப்பித்தார். இரண்டாவது வந்தவர் அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன். மூன்றாவது வந்த பா.ஜ.க.வின் ராதிகா சரத்குமார் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தார். எதிரில் இருந்தவர்கள் பிரிந்து நின்றதால் கிடைத்த வெற்றியைச் சான்றிதழ் என்றால், சேர்ந்து நின்றதால் வந்த 1967 தோல்வியை என்ன சொல்வது?

சொல்ல மறந்துவிட்டேன், அந்த 2024-ல் எங்களுக்கு இன்னொரு குழப்பம். எந்த ஆளுங்கட்சி? இ.குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரும் என்று 2023-ல் அறிவித்தார்கள். திட்டம் ஒன்றிய அரசுடையது, ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் மாநில அரசின் சிப்காட்டுடையது. இரண்டு பக்கமும் "நாங்க கொண்டு வந்தது" என்றார்கள். அதை நம்பி ஒருத்தர் சந்தோஷப்பட்டு ஓட்டுப் போட்டார் என்று வையுங்கள். அது யாருக்குப் போட்ட நன்றி?

சரி, சீட்டை விட்டுவிட்டு ஓட்டைப் பார்த்தால் என்ன தெரிகிறது? எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். தமிழ்நாட்டில் ஆண்ட கட்சிகள் மண்ணைக் கவ்விய மூன்று தேர்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல், ஆட்சி கலைக்கப்பட்ட சில மாதங்களில், தி.மு.க.வுக்கு 2 சீட். ஓட்டு 22.5 சதவீதம். 1996-ல் அ.தி.மு.க.வுக்கு 4 சீட். ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ஓட்டு 21.5 சதவீதம். 2011-ல் தி.மு.க.வுக்கு 23 சீட். ஓட்டு 22.4 சதவீதம். மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் நிற்கிறது! எங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது ஒரு ஆழத்துக்கு மேல் கடப்பாரை இறங்காது, பாறை தட்டிவிடும். அதுபோல. (தி.மு.க. அந்த 2011-ல் 119 இடத்தில்தான் நின்றது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.) ஊழல் என்று சொன்னாலும் சரி, குடும்ப ஆட்சி என்று சொன்னாலும் சரி, வளர்ப்பு மகன் கல்யாணத்தைக் காட்டினாலும் சரி, அஞ்சில் ஒருத்தர் அசையவில்லை. "மக்கள்" பாடம் கற்பித்தார்கள் என்றால் இந்த அஞ்சில் ஒருத்தர் மக்கள் கணக்கில் இல்லையா?

அந்த 2011-ஐக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எங்கள் பகுதியில் அது ஒரு அருமையான பரீட்சை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடுத்தடுத்த தொகுதி. பஸ் ஏறினால் அரை மணி நேரம். 2008 மறுசீரமைப்புக்கு அப்புறம்தான் திருச்சுழி தனித் தொகுதி ஆனது. இரண்டிலும் நின்றது அன்றைய தி.மு.க. அமைச்சர்கள். அருப்புக்கோட்டையில் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், திருச்சுழியில் தங்கம் தென்னரசு. ஒரே கட்சி, ஒரே ஆட்சி, ஒரே விலைவாசி, ஒரே மின்வெட்டு, ஒரே 2ஜி. மாநிலம் முழுக்க அலை. அருப்புக்கோட்டை அமைச்சர் அ.தி.மு.க.வின் வைகைச்செல்வனிடம் தோற்றார். திருச்சுழி அமைச்சர் ஜெயித்தார்.

ஆளுங்கட்சி மீது கோபம் என்பது உண்மையானால் அது பந்தல்குடி தாண்டியோ நரிக்குடி தாண்டியோ எங்கே போய் அணைந்தது?

நான் கேட்டவரை ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அருப்புக்கோட்டை நெசவு ஊர், கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை, அதனால் கோபம் அங்கே ஜாஸ்தி என்பது ஒன்று. திருச்சுழிப் பக்கம் மானாவாரியும் கண்மாயும் கரிமூட்டமும். அங்கே கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், பிழைப்பு நிற்காது. இன்னொரு காரணம், தென்னரசு மல்லாங்கிணறுக்காரர், அவர் அப்பா தங்கபாண்டியன் காலத்திலிருந்து பழகிய குடும்பம். ராமச்சந்திரன் 2006-ல் சாத்தூரில் ஜெயித்தவர், 2011-ல் தொகுதி மாறி வந்தார். எது சரி? எனக்குத் தோன்றுவது இரண்டும் கலந்துதான். ஆனால் ஒன்று நிச்சயம். "ஆளுங்கட்சி எதிர்ப்பு அலை" என்ற ஒரு வார்த்தையால் இந்த இரண்டு ரிசல்ட்டையும் விளக்க முடியாது.

அதைவிடக் கொடுமை அடுத்த வருஷம். 2011 ரிசல்ட்டை எல்லோரும் "மின்வெட்டுக்கு மக்கள் கொடுத்த தண்டனை" என்று படித்தார்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்புறம் 2016. 1984-க்குப் பிறகு முதல் முறையாக ஆண்ட கட்சியே திரும்பவும் ஆட்சிக்கு வந்தது, அ.தி.மு.க. "மக்கள் திருப்தி" என்றது டிவி. அருப்புக்கோட்டையில்? அதே ராமச்சந்திரன் அதே வைகைச்செல்வனைத் தோற்கடித்தார். மாநிலம் மாறியபோது இவர்களும் மாறினார்கள், மாநிலம் மாறாதபோதும் மாறினார்கள். எம்.ஜி.ஆரை 1977-ல் முதலமைச்சராக்கிய தொகுதி, சொந்த யோசனை இல்லாமலா இருக்கும்!

எம்.ஜி.ஆர். என்றதும் 1980 ஞாபகம் வருகிறது. ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். ஆண்டுகொண்டிருந்த அ.தி.மு.க.வுக்கு 39-ல் இரண்டே இடம், கோபிசெட்டிபாளையமும் நம்ம சிவகாசியும். இதைக் காரணமாக வைத்து, மக்கள் நம்பிக்கை போய்விட்டது என்று பிப்ரவரியில் ஆட்சியையே கலைத்தார்கள். மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அ.தி.மு.க. 129 இடம், எம்.ஜி.ஆர். மறுபடி முதலமைச்சர். நாலு மாதத்தில் ஜனங்கள் மனசு மாறிவிட்டதா? இல்லை. டெல்லிக்கு ஒரு பதில், கோட்டைக்கு ஒரு பதில். கேள்வியே வேறு. டெல்லிக்கான பதிலை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டையைப் பூட்டினார்கள். ரிசல்ட்டைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

2019-ல் நாலு மாதம்கூட இல்லை, ஒரே நாள். ஏப்ரல் 18 அன்று சாத்தூர்க்காரர்கள் ஒரே அறையில் இரண்டு மிஷின் முன்னால் நின்றார்கள். ஒன்று நாடாளுமன்றத்துக்கு, ஒன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதி மொத்தத்தில் தி.மு.க. கூட்டணி ஒன்றரை லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது. அதன் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் ஒன்றான சாத்தூரில் அன்று ஆண்ட அ.தி.மு.க. சொற்ப ஓட்டில் ஜெயித்துவிட்டது. பெரிய மிஷினில் இரட்டை இலை இல்லை, கூட்டணிக் கட்சியின் முரசுதான் இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியும் அன்றைய எடப்பாடி அரசு பிழைத்ததற்கு இப்படிக் கிடைத்த இடைத்தேர்தல் இடங்கள்தான் காரணம். ஆள் ஒன்று, விரல் ஒன்று, மை ஒன்று, பதில் மட்டும் இரண்டு. மனசு தெரிகிற இடம் என்று நான் முதலில் சொன்னேனே, அது இங்கேதான் இருக்கிறது. பக்கத்துத் தொகுதியோடு ஒப்பிடும்போது, ஒரே கையால் போட்ட இரண்டு ஓட்டை ஒப்பிடும்போது.

ஒரு தடவை ஆண்டவர்கள் ரிசல்ட்டை உட்கார்ந்து படித்ததும் உண்டு. 2003 ஜூலையில் வேலை நிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பியது. விவசாயிக்கு இலவச மின்சாரம் நின்றது. ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை வந்தது. 2004 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் 39-ம் போனது. ரிசல்ட் வந்த கையோடு, மதமாற்றத் தடைச் சட்டம் முதல் ரேஷன் கட்டுப்பாடு வரை ஒவ்வொன்றாக வாபஸ். இலவச மின்சாரம் திரும்பி வந்தது. ஓட்டுக்குப் பயந்து செய்தது என்று கேலி செய்தார்கள். பயந்தால் என்ன? அதற்குத்தானே ஓட்டு! 2006-ல் அவர் தோற்றார் என்பது உண்மை. ஆனால் அ.தி.மு.க.வுக்கு 32.6 சதவீத ஓட்டு, 61 சீட். ஜெயித்த தி.மு.க.வுக்கு 26.5 சதவீதம், 96 சீட், கூட்டணி தயவில் ஆட்சி. 1967 கணக்கு திரும்பவும் :-)

இவ்வளவு நேரம் ரிசல்ட்டை எப்படிச் சரியாகப் படிப்பது என்று பேசினேன். எனக்கு உண்மையில் பயம் வேறு ஒன்று. ஆளுங்கட்சிக்காரர்களுக்கு ரிசல்ட்டைப் படிக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நம்மைவிட நன்றாகத் தெரியும். டீக்கடையில் நாம் மாநிலத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கையில் வைத்திருப்பது படிவம் 20. ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு அதில் வரிசையாக இருக்கும். யார் வேண்டுமானாலும் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் எடுக்கலாம். மதுரையில் ஒரு பூத் என்றால் நாலு தெரு, யார் என்று தெரியாது. எங்களைப் போன்ற ஊர்களில் ஒரு பூத் என்றால் ஒரு ஊர். சில இடங்களில் ஒரு சாதி, ஒரு காலனி. அந்த வரிசையைப் பார்த்தால் ரகசிய ஓட்டில் என்ன ரகசியம் மிச்சம் இருக்கிறது?

சீட்டு குத்திய காலத்தில் பல பூத் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணுவதற்கு விதியில் இடம் இருந்தது. மிஷின் வந்ததும் அது போய்விட்டது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே எல்லாத் தொகுதிக்கும் மிஷின் வந்துவிட்டது. பல மிஷின்களை இணைத்து மொத்த எண்ணை மட்டும் காட்டுகிற ஒரு கருவி இருக்கிறது, டோட்டலைசர் என்று பெயர். அதைக் கொண்டுவர 2008-லேயே தேர்தல் ஆணையம் கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. எந்த பூத்தில் தங்களுக்கு ஓட்டு குறைவு என்று தெரிந்தால் அங்கே அதிகம் வேலை செய்யலாம் என்பது கட்சிகள் பக்கத்து வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் பார்த்தது இது. ஊர் பெயர் வேண்டாம், கட்சி பெயரும் வேண்டாம். எல்லாக் கட்சியிலும் இந்த ஆள் உண்டு. கண்மாய் மடை உடைந்து கிடக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் நாலு பேர் மனு எழுதிக்கொண்டு ஒரு பிரமுகரைப் பார்க்கப் போனார்கள். எழுதிக்கொடுத்தவன் என்ற முறையில் நானும் கூடப் போனேன். அவர் மனுவை வாங்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த பேப்பர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். "ஒங்க பூத்துல நமக்கு விழுந்தது எம்புட்டுன்னு தெரியுமாண்ணே?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வந்தவர்களில் வயதானவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அந்தக் கட்சிக்கே காலம் காலமாகப் போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியாதே. மடை அடுத்த மழை வரை அப்படியேதான் கிடந்தது.

எங்க அப்பத்தாவிடம் ஓட்டுக் கேட்டு மூன்று கட்சிக்காரர்களும் வருவார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான். "ஒங்களுக்குத்தேன்யா, வேற யாருக்குப் போடப் போறேன்." ஒரு நாள் நான் கேட்டேன், "நெசமா யாருக்கு அப்பத்தா போட்ட?" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மிசினு பீப்புன்னு ஒரு சத்தம் போடும்ல, அதோட மறந்துரணும்டா" என்றது. படிவம் 20 என்று ஒன்று இருப்பதை நான் இன்னும் அதனிடம் சொல்லவில்லை.